ஆளையும் எடைபோடும் விமான நிலையம்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்குத் தராசு புதிய பொருள் அல்ல. விடியற்காலையில் மரம் சீவிச் சேர்த்த பாலை எடைபோட்டார்கள். ஒட்டுப்பாலை எடைபோட்டார்கள். கித்தா மரங்களை வெட்டிச் செம்பனை நட்ட பிறகு குலைகளை எண்ணி எடைபோட்டார்கள். கிராணியார் புத்தகத்தில் ஏறிய கணக்குத்தான் மாதக் கடைசியில் சம்பளமாக நம் கைக்கு வந்தது. ஆனால் ஆளையே தராசில் நிற்கவைத்து எடை எழுதிக்கொள்ளும் பயணம் ஒன்று நம் நாட்டிலேயே உண்டு, தெரியுமா?

சரவாக்கின் மீரி நகரிலிருந்து பாரியோ என்னும் மலைநாட்டு ஊருக்குப் பறக்கும் சிறு விமானத்தில் ஏறுவதற்கு முன், பெட்டியை மட்டும் எடைபோட்டால் போதாது. பயணியும் தராசில் ஏறி நிற்கவேண்டும். தோளில் தொங்கும் பையும் கணக்கில் சேரும். துரையானாலும் ஏறவேண்டும், தொழிலாளியானாலும் ஏறவேண்டும். 'என் எடையைப் பத்துப் பேர் முன்னால் சொல்வதா?' என்று கூச்சப்படும் அம்மாமார்களுக்கும் விலக்கு இல்லை.

சிரிப்பு வருகிறதல்லவா? சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தத் தராசுக்குப் பின்னால் நம்மைப் போன்ற மக்கள் நின்று யோசிக்கவேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது. இம்முறை அதைத்தான் பேசப் போகிறோம்.

முதலில் ஊரைப் பார்ப்போம். சரவாக்கின் வடகிழக்கு மூலையில், இந்தோனேசியாவின் கலிமந்தான் எல்லையை ஒட்டி, கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்தில் ஒரு பீடபூமி இருக்கிறது. அதைச் சுற்றி மலைகள். சரவாக்கிலேயே உயரமான மூரூட் மலை, 2,424 மீட்டர், அந்தப் பக்கத்தில்தான் நிற்கிறது. பீடபூமியில் வாழ்பவர்கள் கெலாபிட் என்னும் மக்கள். எல்லா இடத்தையும் சேர்த்து எண்ணினாலும் சில ஆயிரம் பேர்தான் இருக்கும் சின்னஞ்சிறு சமூகம். அவர்களுடைய ஊர்களில் பெரியது பாரியோ. கெலாபிட் மொழியில் அந்தச் சொல்லுக்குக் 'காற்று' என்று பொருள். கேமரன் மலைக்குப் போய்வந்தவர்களுக்கு அந்தக் குளிர் புரியும். இரவில் போர்வை இல்லாமல் படுக்க முடியாது.

அந்தக் குளிரிலும் தண்ணீரிலும் விளைவதுதான் பேர்பெற்ற பாரியோ அரிசி. சின்ன மணி, மெல்லிய வாசனை, குழைவான சோறு. ஆண்டுக்கு ஒரு போகம்தான். எருமை கட்டி உழுத வயல், கையால் நாற்று நட்டு, கையால் அறுத்த நெல் என்று தலைமுறை தலைமுறையாக வந்த பயிர். அதே மலைநாட்டில் உப்பு ஊற்றும் உண்டு. ஊற்று நீரைக் காய்ச்சி, உப்பை எடுத்து, இலையில் பொதிந்து வைப்பார்கள். கடலிலிருந்து அத்தனை தூரத்தில், மலையுச்சியில் உப்பு! இயற்கை அவர்களுக்குச் சோற்றையும் கொடுத்து, அதில் போட உப்பையும் கொடுத்துவிட்டது. கொடுக்காமல் விட்டது ஒன்றைத்தான். அது வழி.

அங்கே இருந்து கீழே வருவதென்றால் காட்டு வழியாக நடக்கவேண்டும். மலை ஏறி, மலை இறங்கி, ஆறு வந்தால் படகு பிடித்து, மாரூடிப் பட்டணத்துக்கு வந்து சேர்வதற்கு வாரக்கணக்கில் ஆகும். முதுகில் பிரம்புக் கூடை, அதற்குள் விற்கவேண்டிய சரக்கு, திரும்பும்போது அதே கூடையில் துணியும் சட்டியும் கத்தியும். நடுவழியில் காய்ச்சல் வந்தால் காடுதான் ஆஸ்பத்திரி. நம் பாட்டன் பூட்டன்மார்கள் கப்பலேறி வந்து செம்மண் சடக்கில் நடந்த கதையை நாம் கேட்டு வளர்ந்தவர்கள். அவர்கள் கதை அதைவிட நீண்ட நடை.

அப்படிப்பட்ட ஊருக்கு வானத்திலிருந்து முதலில் இறங்கியவர்கள் பயணிகள் அல்லர், படைவீரர்கள். 1945-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் தேதி, ஜப்பானியர் ஆட்சியில் போர்னியோ இருந்த காலத்தில், டாம் ஹாரிசன் என்ற ஆங்கில அதிகாரியும் உடன்வந்த ஏழு பேரும் அந்தச் சமவெளியில் பாராசூட்டில் குதித்தார்கள். மேகத்துக்கு மேலே இரட்டைக் கொம்புபோல் நீட்டிக்கொண்டிருக்கும் பாத்து லாவி என்ற பாறைச் சிகரம்தான் அந்த நாளைய விமானிகளுக்கு அடையாளம். வந்தவர்களை மலைமக்கள் ஏற்றுக்கொண்டார்கள், சோறு போட்டார்கள், சுமை தூக்கினார்கள்.

குதித்து இறங்கியாகிவிட்டது. மேலே எப்படி ஏறுவது? சுட்டு வீழ்த்தப்பட்ட அமெரிக்க விமானப்படையினர் சிலர் அந்த மலைகளில் மாதக்கணக்காக ஒளிந்துகிடந்தார்கள். அவர்களை வெளியே கொண்டுபோகவேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள பெலாவிட் என்ற இடத்தில், நெல்வயல் மேல், மூங்கிலைப் பிளந்து வரிசையாகப் பரப்பி ஓர் ஓடுபாதை போட்டார்கள் அங்குள்ள மக்கள். சேற்றின்மேல் மூங்கில், மூங்கிலின்மேல் விமானம்! ஆஸ்டர் என்னும் சின்ன விமானங்கள் அதில் இறங்கி, ஒவ்வொருவராக ஏற்றிக்கொண்டு பறந்தன. உலகத்துப் பொறியாளர்கள் படம் வரைந்து யோசிக்கும் வேலையை, வயலில் நிற்கும் குடியானவர்கள் கையிலிருந்த பொருளைக்கொண்டு செய்து முடித்தார்கள். படிப்பில்லாதவன் என்று யாரையும் எளிதாகச் சொல்லிவிடக்கூடாது என்பதற்கு இது ஒரு சாட்சி.

போருக்குப் பிறகு மிஷன் விமானங்கள் மலைநாட்டுக்கு வரத் தொடங்கின. 1963 முதல் 1966 வரை இந்தோனேசியாவுடன் மோதல் நடந்தபோது, எல்லையோரக் கிராமங்களில் இருந்த கெலாபிட் மக்களைப் பாதுகாப்புக்காகப் பாரியோவுக்குக் கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். படைவீரர்கள் தங்கினார்கள், விமானங்கள் வந்தன, ஊர் பெருத்தது. 1972-இல் மாஸ் நிறுவனம் பறக்கத் தொடங்கிய பிறகு, முதலில் ஐலண்டர் என்ற சிறு விமானமும் பின்னர் டுவின் ஓட்டர் விமானமும் உட்பகுதிகளுக்குப் போய்வந்தன. பாரியோ மட்டுமல்ல. பாக்கெலாலான், லோங் லெலாங், லோங் செரிடான், லோங் பங்கா, லாவாஸ், மாரூடி என்று அந்த வழித்தடங்கள் மலையிலும் ஆற்றங்கரையிலும் கொடிபோல் படர்ந்தன. வாரக்கணக்கான நடை ஒரு மணி நேரத்துக்குள் சுருங்கிவிட்டது.

இனி தராசுக்கு வருவோம். டுவின் ஓட்டர், கனடா நாட்டில் 1965-இல் முதலில் பறந்த விமானம். இறக்கை மேலே இருக்கும். இரண்டு காற்றாடி இயந்திரங்கள். பத்தொன்பது பேர் உட்காரலாம். நம் தோட்டத்துப் பள்ளிக்கு வந்துபோன சின்ன பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். அதன் பெருமை என்னவென்றால், குறுகிய இடத்தில் ஓடி எழும்பிவிடும், குறுகிய இடத்தில் இறங்கி நின்றும்விடும். கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்து ஓடுபாதை ஒன்று ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் நீளம். பாரியோவில் இருப்பது ஒரு கிலோமீட்டர்கூட இல்லை.

இந்த விமானம் தரையைவிட்டு எழும்பும்போது எல்லாம் சேர்ந்து 5,670 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. அதில் பாதிக்கு மேல் விமானத்தின் சொந்த எடையே போய்விடும். மீதியில்தான் எண்ணெய், விமானிகள், பயணிகள், பெட்டிகள் எல்லாம் அடங்கவேண்டும். ஆளுக்கு 70 கிலோ என்று வைத்தால், பத்தொன்பது பேருக்கு 1,330 கிலோ. ஆளுக்கு ஐந்து கிலோ கூடினால் ஒரு மூட்டை அரிசியின் எடையைத் தாண்டிக் கூடிவிடும். இதற்கும் மேலே இன்னொன்று. உயரம் கூடக்கூடக் காற்று மெலிந்துவிடுகிறது. வெயில் ஏறினால் இன்னும் மெலிந்துவிடுகிறது. மெலிந்த காற்று இறக்கையைத் தாங்குவது குறைவு. ஓடுபாதையோ குட்டை. அதனால்தான் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்குப் பார்க்கிறார்கள். பயணிகளின் பெட்டிக்குப் பத்துக் கிலோதான் என்று கட்டுப்பாடு வைத்ததும் அதனால்தான்.

எடையைக் கட்டுப்படுத்திவிடலாம். மேகத்தை என்ன செய்வது? மலைகளுக்கு நடுவே இறங்கும் விமானி கண்ணால் பார்த்துத்தான் இறங்கவேண்டும். காலையில் பனிமூட்டம் விலகும்வரை காத்திருப்பார்கள். பிற்பகலில் மழைமேகம் வந்து மலைவாயை அடைத்துவிடும். வந்த விமானம் ஊருக்குமேல் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, இறங்க இடம் தெரியாமல் மீரிக்கே திரும்பிப் போவதும் உண்டு. கீழே பெட்டியோடு காத்திருப்பவர்களுக்கு அன்றைய நாள் அவ்வளவுதான். இதை அவர்கள் குறையாகச் சொல்வதில்லை. அந்த மலைகளோடு விளையாட முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். 2004 ஜூலையில், பாரியோவுக்கும் பாக்கெலாலானுக்கும் இடையே, வானத்தில் சில நிமிடத் தொலைவுதான், பறந்த ஹெலிகாப்டர் ஒன்று காட்டில் விழுந்தது. சரவாக்கின் உதவியமைச்சரும் அந்த வட்டாரத்துச் சட்டமன்ற உறுப்பினருமான டாக்டர் ஜட்சன் தாகாலும் உடன் சென்றவர்களும் மாண்டுபோனார்கள்.

சரி, இத்தனை சிரமத்தோடு பறக்கும் விமானம் எதைக் கொண்டுபோகிறது, எதைக் கொண்டுவருகிறது?

முதலில் நோயாளிகள். பாரியோவில் கிளினிக் இருக்கிறது. ஆனால் கத்தி வைக்கவேண்டிய நோய் என்றால் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குத்தான் வரவேண்டும். தாய்மார்களே, உங்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. தலைப்பிரசவத்துக்கு வலி எடுத்த பெண்ணை நடுராத்திரியில் லோரியில் ஏற்றி, மழையில் குழைந்த செம்மண் சடக்கில், 'ஆண்டவனே, ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை தாங்கட்டும்' என்று வேண்டிக்கொண்டு போன கதை ஒவ்வொரு தோட்டத்திலும் ஒன்று உண்டு. அங்கே அந்த லோரியும் சடக்கும்கூட இல்லாமல் இருந்தது. 1973-ஆம் ஆண்டு முதல் சுகாதார அமைச்சின் பறக்கும் மருத்துவர் சேவை சரவாக்கின் உட்பகுதிக் கிராமங்களுக்கு ஹெலிகாப்டரில் டாக்டரையும் தாதியையும் மருந்தையும் கொண்டுபோனது. தடுப்பூசி போட்டார்கள், கர்ப்பிணிகளைப் பார்த்தார்கள், முடியாதவர்களைக் கையோடு கூட்டிவந்தார்கள். நாள் குறித்த கர்ப்பிணி, மேகத்தை நம்பி வீட்டில் இருக்க முடியாது. முன்கூட்டியே கீழே வந்து, உறவினர் வீட்டில் தங்கி, பிரசவத்துக்குக் காத்திருப்பதுதான் புத்திசாலித்தனம்.

அடுத்தது பிள்ளைகள். மேல்படிப்புக்குக் கீழே போகும் மாணவர்கள், மேலே வரும் ஆசிரியர்கள். தீபகற்பத்திலிருந்து சரவாக் உட்பகுதிக்கு அனுப்பப்படும் ஆசிரியர்களில் நம் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. தோட்டத்து லயத்தில் விளக்கு வைத்துப் படித்து ஆசிரியரான ஒரு பெண், மலைநாட்டுப் பள்ளியில் கரும்பலகை முன்னால் நிற்கிறாள் என்றால், அவளைக் கொண்டுபோய் விட்டதும் இதுபோன்ற ஒரு சின்ன விமானம்தான்.

மூன்றாவது அரிசியும் சாமானும். பாரியோ அரிசி பட்டணத்துக் கடையில் விலை கூடியிருப்பதைப் பார்த்து, 'என்ன, பொன்னால் செய்த அரிசியா?' என்று கேட்பவர்கள் உண்டு. ஆண்டுக்கு ஒரே போகம், கையால் செய்த வேலை, அதற்குமேல் ஆகாய வழிக் கூலி. மேலே போகும் சாமானுக்கும் அதே கணக்கு. சீனியும் பாலும் சோப்பும் ஆணியும் விமானத்தில் ஏறினால், இறங்கும்போது விலையும் சேர்ந்து ஏறியிருக்கும். தோட்டத்துக் கடையில் பட்டணத்து விலைக்குமேல் கொடுத்துப் பழகிய நமக்கு இந்தச் சூட்சுமம் நன்றாகத் தெரியும்.

இப்போது முக்கியமான கேள்வி. பத்தொன்பது பேரை ஏற்றிக்கொண்டு, மேகம் பார்த்துப் பறக்கும் விமானத்தால் லாபம் வருமா? வராது. பயணிகள் கொடுக்கும் சீட்டுப் பணத்தில் எண்ணெய்ச் செலவும் இயந்திரச் செலவும் ஆள் சம்பளமும் அடங்காது. அந்தப் பள்ளத்தை நிரப்புவது அரசாங்கத்தின் மானியம். இதற்கென்றே 'கிராமப்புற விமானச் சேவை' என்று பெயர் வைத்துக் கூட்டரசு பணம் ஒதுக்கியது.

மானியம் என்றவுடன் ஒரு சாரார் முகம் சுளிப்பார்கள். 'ஆயிரம் பேர் இருக்கும் மலைக்கு இத்தனை செலவா?' என்பார்கள். 2006 ஆகஸ்டு முதல் தேதி அந்தச் சேவை மாஸ் நிறுவனத்திடமிருந்து ஃபிளை ஏஷியன் எக்ஸ்பிரஸ் என்ற வேறொரு நிறுவனத்துக்கு மாற்றப்பட்டது. தாமதம், ரத்து என்று உட்பகுதி மக்களிடமிருந்து புகார்கள் எழுந்தன. 2007 அக்டோபர் முதல் தேதி அது மறுபடியும் மாஸ் குடும்பத்துக்கே வந்தது. மாஸ்விங்ஸ் என்ற துணை நிறுவனம் பறக்கத் தொடங்கியது. 2025 பிப்ரவரியில், மாஸ்விங்ஸைச் சரவாக் மாநில அரசே வாங்கிக்கொள்ள ஒப்பந்தம் கையெழுத்தானது. ஏர்போர்னியோ என்ற பெயரில் சொந்த விமான நிறுவனம் நடத்துவது அப்போது மாநிலத்தின் எண்ணமாக இருந்தது. பெயர் மாறலாம், விமானத்தின் வர்ணம் மாறலாம். மீரியில் காத்திருக்கும் கர்ப்பிணிக்கும் பாரியோவில் காத்திருக்கும் கிழவருக்கும் ஒரே கவலைதான்: நாளைக்கு விமானம் வருமா?

'அதுதான் இப்போது சடக்கு வந்துவிட்டதே' என்று இன்னொரு பேச்சும் உண்டு. உண்மைதான். மரம் வெட்டும் கம்பெனிகள் போட்ட காட்டுப்பாதை பாரியோவரைக்கும் எட்டிவிட்டது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில், நல்ல வெயில் நாளில், மீரியிலிருந்து போக அரைநாளுக்கு மேல் ஆகும். மழை பெய்தால் எப்போது சேரும் என்று சொல்ல முடியாது. சிமெண்டும் தகரமும் அந்த வழியில் போகலாம். அதனால் வீடு கட்டும் செலவு குறைந்தால் நல்லதே. ஆனால் மூச்சுத் திணறும் குழந்தையை அந்தக் குலுக்கலில் அத்தனை மணி நேரம் கொண்டுபோக எந்தத் தாய் சம்மதிப்பாள்?

வாசகர்களே, தூரத்து மலைக்கதையை நமக்கு ஏன் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். நம் கதையும் அதுதான் என்பதால் சொல்கிறேன்.

தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது என்ன நடந்தது? ஆள் குறைந்தது என்று ஆயாக் கொட்டகையை மூடினார்கள். ஆள் குறைந்தது என்று டிரசர் வருவது நின்றது. ஆள் குறைந்தது என்று பஸ் நின்றது. பஸ் நின்றதால் இருந்தவர்களும் பட்டணத்துக்குப் போனார்கள். போனதால் இன்னும் ஆள் குறைந்தது. பள்ளியில் பிள்ளைகள் குறைந்தார்கள். நூற்றைம்பது மாணவருக்குக் குறைந்த பள்ளியைக் 'குறைந்த மாணவர் பள்ளி' என்று அரசாங்கம் வகைப்படுத்துகிறது. நம் தமிழ்ப்பள்ளிகளில் எத்தனையோ அந்தப் பட்டியலில் நிற்கின்றன. தலையை எண்ணிச் சேவையைக் குறைப்பதும், சேவை குறைந்ததால் தலை குறைவதும் கிணற்று ராட்டினம்போல் சுற்றிக்கொண்டே இருக்கும். யாராவது ஒருவர் கயிற்றைப் பிடித்து நிறுத்தவேண்டும்.

பாரியோவில் அந்தக் கயிற்றை விமானம் பிடித்திருக்கிறது. முழுவதும் நிறுத்திவிட்டது என்று சொல்லமாட்டேன். விமானம் ஏறிப் படிக்கப் போன பிள்ளைகளில் பெரும்பாலோர் திரும்பி வரவில்லை. கெலாபிட் மக்கள் படிப்பில் பேர்பெற்றவர்கள். டாக்டர், பேராசிரியர், அதிகாரி என்று வெளியே உயர்ந்துவிட்டார்கள். இன்று மலைநாட்டில் இருப்பவர்களைவிட மீரி முதலிய நகரங்களில் வாழும் கெலாபிட் மக்களே அதிகம். விமானம் வரும் வாசல்தான், பிள்ளைகள் வெளியேறும் வாசலும். படித்த பிள்ளை தோட்டத்தைவிட்டுப் போவதைப் பெருமையோடும் பெருமூச்சோடும் பார்த்து நின்ற பெற்றோருக்கு இது புதிதா என்ன?

ஆனால் வாசல் திறந்திருப்பதால் ஒரு நன்மை. போனவர்கள் வந்துபோகிறார்கள். கெலாபிட் மக்களிடம் அழகான வழக்கம் ஒன்று உண்டு. முதல் பிள்ளை பிறந்ததும் தாய் தந்தையர் தங்கள் பழைய பெயரை விட்டுப் புதுப் பெயர் சூடிக்கொள்வார்கள். முதல் பேரப்பிள்ளை வந்ததும் தாத்தா பாட்டியும் புதுப் பெயர் பெறுவார்கள். ஊரைக் கூட்டி விருந்து வைத்து அந்தப் பெயரை அறிவிப்பார்கள். அந்த விருந்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் நகரத்துப் பிள்ளைகள் மலையேறி வருகிறார்கள். பட்டணத்தில் பிறந்த பேரனை ஊர்ப் பெரியவர்கள் பெயர் சொல்லி அழைக்க முடிகிறது. வாசல் அடைபட்ட நம் தோட்டங்கள் பலவற்றில், கோயில் திருவிழாவுக்குத் திரும்பிவர நினைத்தாலும் கோயிலே இடம் மாறிவிட்டது. வித்தியாசம் தெரிகிறதல்லவா?

உங்கள் வீட்டுப் பிள்ளைக்குச் சரவாக் உட்பகுதியில் வேலை உத்தரவு வந்தால், பயந்துபோய் அழவேண்டாம். பெட்டியைச் சின்னதாகக் கட்டுங்கள். ஊறுகாய்ப் போத்தல் நாலைந்து வைக்காதீர்கள், தராசு ஒத்துக்கொள்ளாது. கம்பளிச் சட்டை ஒன்று கட்டாயம் வையுங்கள். விமானம் ஒருநாள் தள்ளிப்போனால் பதறாமல் இருக்க, கையில் கொஞ்சம் பணமும் மருந்தும் இருக்கட்டும். மற்றதை அந்த மலைமக்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இன்னொன்றையும் செய்யுங்கள். உங்கள் வட்டாரத்தில் ஒரு பஸ்ஸையோ கிளினிக்கையோ பள்ளியையோ 'ஆள் போதவில்லை' என்று நிறுத்தப் போவதாகப் பேச்சு வந்தால், வெறும் தலைக்கணக்கோடு வாதாடப் போகாதீர்கள். அதில் நாம் தோற்றுவிடுவோம். ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். அந்த பஸ்ஸில் போகும் இரத்த அழுத்தக்காரர் எத்தனை பேர், சிறுநீரகச் சிகிச்சைக்கு வாரம் மூன்று முறை போகிறவர் யார், காலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் எத்தனை, பஸ் இல்லையென்றால் வாடகைக் காருக்கு எவ்வளவு வெள்ளி என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். சங்கத்தின் மூலமும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் மூலமும் அதைத் தேதியிட்டுக் கையெழுத்தோடு கொடுங்கள். நம் தேவைக்கும் ஓர் எடை உண்டு. அதை நாமே தராசில் ஏற்றிக் காட்டாவிட்டால், வேறு யார் ஏற்றப் போகிறார்கள்?